சித்தியின் பயாப்சி அறிக்கையோடு கழிந்த விடுமுறை

பித்தப்பைக் கல்லுக்காகச் சித்திக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை முடிந்த சில நாட்களில் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அகற்றிய பையை வழக்கம்போல் ஆய்வுக்கு அனுப்பியதில் புற்றுநோய் இருப்பது தெரியவந்திருந்தது. அறுவை நடந்த தனியார் மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் குறிப்பில் ‘கார்சினோமா’ என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. மூல பயாப்சி அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தபோதோ, நியூரோஎண்டோகிரைன் வகையாக (நரம்பு செல், ஹார்மோன் சுரக்கும் செல் இரண்டின் தன்மையும் கொண்ட செல்களின் புற்று) இருக்கலாம், ஐ.ஹெச்.சி. சோதனை (செல்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டுவது) செய்து உறுதிப்படுத்தவும் என்று அதன் கடைசி வரி சொன்னது. சிகிச்சையையே மாற்றக்கூடிய அந்த வரியைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டது பொறுப்பான சேவை ஆகாது.

அதே மருத்துவமனையின் ஆய்வகத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. சித்தப்பா கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, ஓரத்தில் எண் எழுதிய சிறு பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மெழுகில் பதித்த திசுவையும், அதாவது பாரஃபின் பிளாக்கையும், கண்ணாடி ஸ்லைடுகளையும் தனித்தனியாகப் பொதிந்து அன்றே கொடுத்துவிட்டார்கள்.

புற்றுநோய் மையத்தின் நோய்க்குறியியல் மருத்துவர் இருவர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் என்னையும் உட்காரவைத்துக் காட்டினார். நியூரோஎண்டோகிரைன் தன்மையைக் காட்டும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் ஆகிய இரண்டு சாயங்களும் செல்களில் பழுப்பாக ஏறியிருந்தன. செல் பெருக்கத்தின் வேகத்தைக் காட்டும் கி-67 மிக உயர்ந்திருந்தது. இந்த அளவு 20 சதவீதத்தைத் தாண்டியதாலேயே நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா என்று முடிவு கட்டிவிட முடியாதாம்; இயல்பான செல்களை ஒத்திருக்கும், அதாவது நன்கு வேறுபட்ட நியூரோஎண்டோகிரைன் கட்டிகளிலும் மூன்றாம் தரத்தில் அது தாண்டும் என்பதால், 2019 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி செல்களின் தோற்றத்தையும் பார்த்தே பிரிக்கிறார்கள். சித்திக்கு வந்திருப்பது நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவில் சிறு செல் வகை. இயல்பான பித்தப்பைச் சவ்வில் நியூரோஎண்டோகிரைன் செல்கள் அநேகமாக இருப்பதே இல்லை என்றும், நாட்பட்ட அழற்சியால் சவ்வு குடல் சவ்வின் தன்மைக்கு மாறும்போது அவை தோன்றலாம் என்று கருதப்படுகிறது என்றும் அவர் விளக்கினார். ஸ்கேனை மட்டும் வைத்து இதை மற்ற பித்தப்பைப் புற்றிலிருந்து பிரித்துச் சொல்வது அரிது.

பெயர் மாறியதும் மருந்தும் மாறியது. பரவிய சாதாரண பித்தப்பைப் புற்றுக்கு ஜெம்சிட்டபினோடு சிஸ்பிளாட்டின் தருவது வழக்கம். இந்த வகைக்கு நுரையீரல் சிறு செல் புற்றைப் போலவே சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு எட்டோபோசைட் தருகிறார்கள். இது மிக அரிதான நோய் என்பதால் பித்தப்பைக்கென்று தனியாகப் பெரிய மருந்துச் சோதனைகள் இல்லை. பிற உறுப்புகளில் கண்ட பலனை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இதை மறைக்காமல் சொன்ன மருத்துவர் மீதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

வெளிநாட்டிலிருந்து அழைத்த உறவினர் ஒருவர் லுட்டீஷியம் என்ற கதிரியக்க மருந்துச் சிகிச்சையைக் கேட்கும்படி வற்புறுத்திக்கொண்டிருந்தார். சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைந்த, நன்கு வேறுபட்ட கட்டிகளுக்கே அது பயன்படும் என்றும், வேகமாக வளரும் கார்சினோமாவில் அந்த ஏற்பிகள் பெரும்பாலும் குறைவு என்றும் பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் டியூமர் போர்டில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். அதே காரணத்தால்தான் அந்த ஏற்பிகளைத் தேடும் காலியம் பெட் ஸ்கேனுக்குப் பதில் குளுக்கோஸ் பெட் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அதில் கல்லீரல் வாயிலருகே நிணநீர்க் கணுக்கள் தெரிந்ததால், பித்தப்பை ஒட்டியிருந்த 4பி, 5 ஆகிய கல்லீரல் பகுதிகளையும் கணுக்களையும் அகற்றும் இரண்டாவது அறுவையைத் தள்ளிவைத்து, கீமோவை முதலில் தொடங்கினார்கள்.

மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எட்டோபோசைட் மூன்று நாட்கள். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் சற்றுக் கூடியிருந்ததால் சித்திக்குக் கார்போபிளாட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் இரவானாலும் அழைக்க ஓர் எண்ணும், ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டிய நாட்களும் சித்தப்பாவின் கையில் எழுத்தாகவே கொடுக்கப்பட்டன. இரண்டாவது சுற்றுக்குப் பின் எடுக்கும் சி.டி. ஸ்கேனைப் பார்த்துவிட்டே மறு அறுவை உண்டா என்று சொல்வார்கள்.