ஒரே கார்டு, மூன்று ப்ராசஸர்: மண்டபத்து உப்புக்காற்றில் மூன்று வருஷ அனுபவம்

ஒரே கிராபிக்ஸ் கார்டை மூன்று ப்ராசஸரோடு ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். கார்டு ரேடியான் ஆர்.எக்ஸ். 6600. ப்ராசஸர்கள் வரிசையாக ஐ5 6500, ஐ3 12100எஃப், இப்போது ஐ5 12400. ஊர், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் வடிவமைப்புதான் என் தொழில். பகலில் பிழைப்பு, ராத்திரி பத்து மணிக்கு மேல் கேம், இரண்டும் ஒரே சிஸ்டத்தில். மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 75 முறை படத்தை மாற்றும். இதைச் சொல்லாமல் எந்த எஃப்.பி.எஸ். கணக்கை (நொடிக்கு எத்தனை படம், அதாவது ஃபிரேம்) சொன்னாலும் உங்களுக்கு உதவாது.

2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் நின்றது. கார்டு விலை இறங்கும் என்று காத்திருந்து, அக்டோபரில் இருபத்து மூவாயிரத்துச் சொச்சத்துக்கு 6600 வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் சிஸ்டம் இருந்தது, ஆறாம் தலைமுறை ஐ5. நாலு கோர், நாலு த்ரெட். (கோர் என்பது ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசை.) மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் 550 வாட்டுக்கு மாற்றிவிட்டு கார்டைச் சொருகினேன். கார்டு நன்றாக இருந்தால் கேம் நன்றாக ஓடும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

முதல் ராத்திரியே மனசு விட்டுப்போனது. ஜி.டி.ஏ. 5-இல் ஊருக்கு வெளியே கார் ஓட்டினால் அருமை. நகரத்துக்குள் நுழைந்து நாலு தெரு திரும்பினால் விட்டுவிட்டு இழுக்கும். சைபர்பங்க் 2077-இல் சந்தைக்குள் கூட்டத்தில் நடந்தால் நாற்பதுக்குக் கீழே விழும். பாம்பனிலிருந்து வந்திருந்த அத்தை மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மச்சான், கார்டு புதுசுதானே, ஏன் இப்படித் திக்குது?" என்றான். செட்டிங்கைக் குறைத்தால் சரியாகும் என்று அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கினேன். ஒரு எஃப்.பி.எஸ்கூட ஏறவில்லை. கோளாறு கார்டில் இல்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காசு செலவழிக்கும் முன் யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரோ, ரேடியான் கார்டென்றால் அதன் ஆட்ரினலின் மென்பொருளோ போதும். கேம் ஓடும்போது திரையின் மூலையில் கார்டு எவ்வளவு வேலை செய்கிறது, ப்ராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கார்டு 95-க்கு மேல் 99 சதவீதம் வரை நின்றால், எல்லை கார்டு. அது நல்ல நிலைமை, கொடுத்த காசுக்குக் கார்டு முழுசாக உழைக்கிறது. கார்டு ஐம்பது, அறுபதில் நின்றுகொண்டு ஏதோ ஒரு த்ரெட் நூறை முட்டினால், ப்ராசஸர்தான் கையைப் பிடித்து இழுக்கிறது. ப்ராசஸரின் மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எட்டு த்ரெட்டில் ஒன்று மட்டும் மூச்சு முட்டினாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் காட்டும். இன்னும் சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ். ஏறினால் கார்டு, அசையாமல் நின்றால் ப்ராசஸர். என் பழைய ஐ5-இல் சந்தைக் காட்சியில் கார்டு 58 சதவீதம், நாலு கோரும் நூறு. 720பி-க்கு இறக்கியும் அதே நாற்பதுதான்.

காரணம் எளிது. ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்த வண்டி எங்கே நிற்கிறது, யார் எந்தப் பக்கம் திரும்புகிறார், எது எதன் மேல் மோதுகிறது என்று கணக்குப் போட்டு, 'இதை இதை வரை' என்று உத்தரவு கொடுப்பது ப்ராசஸர். வரைவது கார்டு. எங்கள் கரையில் படகிலிருந்து கூடையை இறக்குகிறவர் நிதானமாக இறக்கினால், ஐஸ் போட ஆள் எத்தனை பேர் இருந்தாலும் சும்மா நிற்க வேண்டியதுதான். ரெசல்யூஷனும் டெக்ஸ்ச்சரும் கார்டின் சுமை. கூட்டமும் போக்குவரத்தும், நொடிக்கு எத்தனை ஃபிரேம் கேட்கிறோம் என்பதும் ப்ராசஸரின் சுமை. அதனால் ப்ராசஸரைக் கார்டின் விலையை வைத்துத் தேடக்கூடாது. எந்த கேம், எந்த மானிட்டர் என்பதை வைத்துத் தேட வேண்டும். 60, 75 ஹெர்ட்ஸில் கதை கேம் ஆடுகிறவருக்கு ஒரு கணக்கு. 144 ஹெர்ட்ஸில் வேலரன்ட் போல வேகமான போட்டி கேம் ஆடுகிறவருக்கு அதே கார்டோடு வேறு கணக்கு.

2023 ஜனவரியில் ஐ3 12100எஃப் வாங்கினேன். ப்ராசஸர் எட்டாயிரத்து எண்ணூறு, எச்610 மதர்போர்டு ஆறாயிரத்து ஐநூறு, எட்டும் எட்டுமாக 16 ஜி.பி. ரேம். ஒரே 16 ஜி.பி. கட்டையாகப் போடாதீர்கள். இரண்டு கட்டை இருந்தால்தான் இரட்டை சேனல் கிடைக்கும், கேமில் அது கண்ணுக்கே தெரியும். ரைசன் 5 5600-ஐயும் யோசித்தேன். ஆறு கோர், 32 எம்.பி. கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரி), உறுதியான ப்ராசஸர். போர்டோடு சேர்த்துப் பார்த்தபோது அன்றைக்கு என் கைக்கு எட்டவில்லை. ஐ3-யில் கோர் நாலுதான், ஆனால் த்ரெட் எட்டு. ஒவ்வொரு கோரும் பழைய ஐ5-ஐவிட வெகுவேகம். அதோடு, ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதியும் வந்தது. ரேடியான் 6000 வரிசைக்கு அது நல்ல பலம், பழைய போர்டில் எனக்கு அது இல்லவே இல்லை.

அதே சந்தை, அதே செட்டிங். அறுபதுக்கு மேல் நின்றது, கார்டு 97 சதவீதம். ஜி.டி.ஏ. நகரத்துக்குள் இழுப்பே இல்லை. புதுக் கார்டு வாங்கிய சந்தோஷம் மூன்று மாதம் கழித்து ப்ராசஸர் மாற்றிய அன்றைக்குத்தான் கிடைத்தது.

அந்த ஐ3 என்னிடம் இரண்டரை வருஷம் உழைத்தது. அதன் எல்லையை முதலில் பார்த்தது 2023 செப்டம்பரில், சைபர்பங்கின் 2.0 அப்டேட் வந்தபோது. அதற்குப் பிறகு அந்த கேம் குறைந்தபட்சமாகக் கேட்பதே ஐ7 6700 அல்லது ரைசன் 5 1600. ஐ3 ஓட்டியது, ஆனால் கூட்டத்தில் எட்டு த்ரெட்டும் தொண்ணூறைத் தாண்டின. சராசரி எஃப்.பி.எஸ். நன்றாகவே காட்டும், நடுவில் சின்னச் சின்னத் தடுக்கல் வரும். கூட்டத்தின் அளவை ஒரு படி குறைத்து, 60-இல் பூட்டி ஆடினேன். இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்கு நாலு கோரை நான் சொல்லமாட்டேன். ஆறு கோர் எடுங்கள். ஐ3 கையில் இருப்பவர் பயந்து தூக்கிப்போட வேண்டியதும் இல்லை.

கரண்ட் விஷயம் எங்கள் பக்கம் முக்கியம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மின்சாரம் போய்ப் போய் வரும், வோல்டேஜும் ஆடும். 6600 எடுப்பது 132 வாட், ஐ3-யின் அடிப்படைக் கணக்கு 58 வாட். கேம் ஓடும்போது சுவரிலிருந்து இழுப்பதை அளந்து பார்த்தேன். மானிட்டர் நீங்கலாக 240 வாட்டைத் தாண்டவில்லை. ஒரு சாதாரண 1 கே.வி.ஏ. யூ.பி.எஸ். இதைத் தாங்கி, சேவ் செய்து அணைக்கப் போதுமான நேரம் கொடுக்கிறது. பெரிய கார்டும் பெரிய ப்ராசஸரும் எடுத்திருந்தால் யூ.பி.எஸ்ஸுக்கே தனியாகச் செலவு வந்திருக்கும். மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பெட்டியோடு வந்த கூலரிலேயே ஓட்டினேன், ஐ3 எழுபத்தைந்து டிகிரியைத் தாண்டவில்லை.

உப்பு வேறு கதை. தெற்கே ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா, வடக்கே பெண்கடல் என்கிற பாக் விரிகுடா, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உப்போடுதான் வரும். பழைய பாம்பன் ரயில் பாலத்தையே துருவிலிருந்து காக்க ஓயாமல் பெயின்ட் அடித்துப் பராமரித்தார்கள் என்றால் நம் கேபினெட் ஸ்க்ரூ எம்மாத்திரம். தூசியோடு உப்பு போர்டில் படியும். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பயன்படுத்தாத போர்ட்டுகளில் பச்சையாகக் களிம்பு ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் பிடிக்கிறேன். ரேமைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் மெல்லத் தேய்க்கிறேன். ஜன்னல் ஓரத்திலிருந்து சிஸ்டத்தை உள்சுவருக்கு மாற்றினேன். இன்னொன்று, தினமும் கொஞ்ச நேரமாவது சிஸ்டத்தை ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் தங்காது.

இவ்வளவு பார்த்தும் 2024 நவம்பர் மழையில் கார்டு படுத்துவிட்டது. ஒரு விசிறி சுற்றவில்லை, எச்.டி.எம்.ஐ. வாயில் களிம்பு. மதுரைக்குக் கொடுத்தனுப்பி, திரும்பி வர 23 நாள் ஆனது. 'எஃப்' என்ற அந்த ஒற்றை எழுத்தின் அர்த்தம் எனக்குப் புரிந்தது அந்த 23 நாளில்தான். எஃப் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒரு புள்ளிகூட வராது. ப்ராசஸர் நன்றாக இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் வாடிக்கையாளர் கொடுத்த வேலை இருக்கிறது, எதையும் பார்க்க முடியவில்லை. மூன்று கல்யாணப் பத்திரிகை வேலையை ராமநாதபுரத்தில் நண்பன் கடையில் உட்கார்ந்து முடித்தேன், தினமும் பஸ்ஸில் போய் வந்து.

கேமுக்கு எஃப் மலிவு, அதையே எடு என்று எல்லோரும் சொல்வார்கள். எஃப்.பி.எஸ். கணக்கில் அது சரி. ஆனால் சர்வீஸ் சென்டர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கடற்கரை ஊர்க்காரருக்கு, அதிலும் அதே சிஸ்டத்தில் பிழைப்பவருக்கு, அந்தச் சேமிப்பு சேமிப்பே இல்லை. 2025 ஜூனில் ஐ5 12400 வாங்கியபோது எஃப் இல்லாததைத்தான் எடுத்தேன். வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம். உள்ளே யூ.எச்.டி. 730 இருக்கிறது. அதில் இந்தப் பெரிய கேம்களை ஆட முடியாது. ஆனால் பத்திரிகை வேலை, பாங்க் வேலை, பிள்ளையின் பாடம் எல்லாம் நடக்கும். வாங்கும்போது மதர்போர்டின் பின்னால் எச்.டி.எம்.ஐ. வாய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ப்ராசஸர் மாற்ற அரை மணி நேரம் ஆனது. அதே எச்610 போர்டு, அதே ரேம், விண்டோஸைக்கூடத் திரும்பப் போடவில்லை. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். சராசரி எஃப்.பி.எஸ். பெரிதாக ஏறவில்லை, ஏனென்றால் அங்கே எல்லை கார்டுதான். அந்தச் சின்னத் தடுக்கல் மட்டும் போய்விட்டது. கூட்டத்தைப் பழையபடி முழுசாக வைத்து ஆடுகிறேன்.

வேறு ஜோடிகளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில. ப்ராசஸரும் கார்டும் பேசிக்கொள்ளும் பாதைக்கு பி.சி.ஐ.ஈ. என்று பெயர், அதன் தடங்கள் லேன். ரைசன் 5 5500, 5600ஜி இரண்டும் அதில் பழைய, வேகம் குறைந்த 3.0 மட்டுமே கொடுக்கும். எட்டு லேன் உள்ள 6600-க்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டுக்கு நாலே லேன், மெமரியும் பெரும்பாலும் 4 ஜி.பி.தான். அதை 3.0-இல் போட்டால், மெமரி நிறைந்த இடத்தில் நன்றாக அடி வாங்கும். ஜி.டி.எக்ஸ். 1650-க்கு இந்தக் கவலையே கிடையாது, அதற்குப் பதினாறு லேன். 5600ஜி-யில் உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால், நான் பட்ட பாடு வரக்கூடாது என்று நினைக்கும் ரைசன்காரர் அதை யோசிக்கலாம். 5600-ஐவிடக் கேஷ் பாதிதான், கேமில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பழைய ஐ3 அத்தை மகனுக்குப் போகிறது. விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் அவனுக்கு கேம்தான், வேலரன்டும் ஜி.டி.ஏ.யும். அவன் ஆட மட்டும்தான் வாங்குகிறான் என்பதால் எஃப் அவனுக்குப் பரவாயில்லை. எச்610 போர்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு 6600, 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால், பழைய ஆபீஸ் சிஸ்டத்தில் சும்மா கிடக்கும் இரண்டு டி.டி.ஆர்.4 கட்டைகளை இப்போதைக்கு அவனுக்குக் கொடுக்கப்போகிறேன். வேகம் குறைவுதான், ஆனால் இரண்டு கட்டை. கார்டை வாங்கும்போது எச்.டி.எம்.ஐ. வாயை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பச்சை தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று.