ஒரே ஒரு செமஸ்டர்: பாரிஸா, லண்டனா, கோலாலம்பூரா?

என் சித்தி மகள் இங்கே மொரிஷியஸில் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. அடுத்த வருடம் ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டில் படித்துவிட்டு வரலாம் என்று வாய்ப்பு வந்திருக்கிறது. பட்டியலில் மூன்று ஊர்கள், மூன்றும் தலைநகரங்கள். சித்தப்பாவுக்கு லண்டன்தான் என்று முடிவே ஆகிவிட்டது. சித்திக்குப் பாரிஸ், ஏனென்றால் அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவளுக்கோ கோலாலம்பூர் போக ஆசை, ஆனால் சொல்லப் பயம். நான் பாரிஸில் ஒரு செமஸ்டர் படித்தவள், என் தம்பி லண்டனில் படித்தான், என்னோடு எச்.எஸ்.சி. வரை தமிழ் படித்த தோழி கோலாலம்பூர் போய் வந்தாள். அதனால் மூன்று பேரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

எந்தப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதை நான் பார்க்கப்போவதில்லை. பட்டம் நம் ஊரில்தான் வாங்கப்போகிறாள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்த ஊரில் ஐந்து மாதம் இருந்தால் கிடைப்பதில் எவ்வளவு இங்கே நம் ஊர் ரோஸ் ஹில்லில் உட்கார்ந்தே கிடைக்கும்? வீட்டிலேயே கிடைப்பதற்கு எதற்கு விமானச் சீட்டு?

முதலில் பணம். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே உள்ள மாணவர் பரிமாற்ற ஒப்பந்தத்தின் கீழ் போனால் படிப்புக் கட்டணத்தைச் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கட்டுவோம், போகிற இடத்தில் கட்ட வேண்டாம். இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுநேர முதல் பட்டப்படிப்பு 2019 முதல் இலவசம் என்பதால் அந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் நாமாகப் பணம் கட்டிப் போகிற வழி முற்றிலும் வேறு. அந்தக் கட்டணத்தைப் பார்த்த பிறகு லண்டன் பேச்சையே விட்டுவிடுவீர்கள். ஆக, இந்தக் கணக்கில் மிஞ்சுவது வாடகை, சாப்பாடு, டிக்கெட், விசா. பாரிஸுக்கு எராஸ்மஸ் என்கிற ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 800 யூரோவுக்குக் குறையாமல் வரும். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டன் எராஸ்மஸை விட்டு வெளியேறி டூரிங் என்று சொந்தத் திட்டம் போட்டது. அது அங்கிருந்து வெளியே போகும் மாணவர்களுக்கு, நம்மைப் போல உள்ளே வருபவர்களுக்கு இல்லை.

சரி, பாரிஸ்.

நம் பாஸ்போர்ட்டுக்கு பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா வேண்டாம் என்பதால், செமஸ்டருக்கும் அப்படியே போய்விடலாம் என்று நினைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். முடியாது. செமஸ்டர் 90 நாளைத் தாண்டும், நீண்ட கால விசா எடுத்தே ஆக வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான காம்பஸ் பிரான்ஸின் இணையதளத்தில் கோப்பு திறக்கணும், நேர்காணலுக்குப் போகணும், மாதம் 615 யூரோ கையில் இருப்பதற்குச் சான்று காட்டணும். அந்த 615 விசாவுக்கான எண்ணிக்கை மட்டும்தான். பாரிஸில் ஓர் அறை வாடகைக்கே அது பல சமயம் போதாது. விசா வந்ததும் அதில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்பு அனுமதியாகவும் செல்லும் மாணவர் விசா என்றால் வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். தற்காலிகம் என்று இருந்தால் வேலைச் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நான் அடிபட்டது வீட்டு விஷயத்தில். செப்டம்பர் தொடக்கத்தில் போய் இறங்கினேன், அறை கிடைக்கவில்லை, புறநகரில் ஒரு பெரியம்மா வீட்டு சோபாவில் மூன்று வாரம் படுத்தேன். கடைசியில் ஒரு வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார், வேறு வழியில்லாமல் கொடுத்தேன், திரும்பி வரும்போது பாதிதான் கைக்கு வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, நான் கையெழுத்துப் போட்டது பாய் மொபிலிதே என்கிற ஒப்பந்தம். மாணவர்களைப் போலக் கொஞ்ச காலம் தங்குகிறவர்களுக்காக 2018இல் சட்டமாக வந்தது, ஒரு மாதம் முதல் பத்து மாதம் வரை, அதில் முன்பணம் வாங்கவே கூடாது! இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு யூரோகூடக் கொடுத்திருக்க மாட்டேன். போகிற பிள்ளைகள் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் குரூஸ் என்கிற அரசு மாணவர் விடுதிக்கும், 14ஆம் வட்டாரத்தில் இருக்கும் சித்தே யுனிவர்சித்தேர் என்கிற மாணவர் குடியிருப்பு வளாகத்துக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அறை உறுதியாகாமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

படிப்பு என்று பார்த்தால், சட்டம் படிக்கிற நம் பிள்ளைக்குப் பாரிஸ் உண்மையிலேயே பெரிய வரம். 1810இல் ஆங்கிலேயர் இந்தத் தீவைப் பிடித்த பிறகும் சிவில் சட்டம் பிரெஞ்சுக்காரர்களுடையதாகவே இருந்துவிட்டது. ஆகவே பாரிஸ் வகுப்பில் அவர்கள் அலசுகிற சட்டப் பிரிவுகளில் பல நம் தொகுப்பிலும் உண்டு. சிறு வகுப்புகளில் ஒரே ஒரு தீர்ப்பை எடுத்து வரி வரியாகப் பிரித்து எழுதச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் புத்தகம் வாங்கிப் படித்தால் வராது. ஆனால் மொழி? பிரெஞ்சு நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், டி.வி.யைப் போட்டால் பிரெஞ்சுதான். அந்த வகையில் புதிதாக ஒன்றும் கற்றுவிட மாட்டாள்.

தமிழுக்கு லா ஷப்பேல் என்கிற பகுதி இருக்கிறது, கார் து நோர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து நடந்தால் போதும். ஈழத் தமிழர் கடைகள், மாணிக்க விநாயகர் கோயில், ஆகஸ்ட் கடைசி வாக்கில் தெருவெல்லாம் தேங்காய் உடைத்துத் தேர் இழுக்கிறார்கள். நான் அங்கே நிறையப் போனேன். ஆனால் கடையில் நான் தட்டுத் தடுமாறித் தமிழில் ஆரம்பித்தால் உடனே அவர்கள் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார்கள், எனக்கு உதவி செய்கிற நல்லெண்ணத்தில். ஐந்து மாதத்தில் என் தமிழ் ஓர் அங்குலம் நகரவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அப்புறம் குளிர்காலம். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டு, காலை எட்டரை வரை விடியாது. வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது சின்ன விஷயம் இல்லை.

லண்டனைப் பற்றி அவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெரிய வசதி, ஆறு மாதத்துக்குள் முடிகிற படிப்பு என்றால் மொரிஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை, அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்தில் பார்வையாளராகவே படிக்கலாம், இ.டி.ஏ. என்கிற இணைய அனுமதி எடுத்தால் போதும். ஆனால் அப்படிப் போனால் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது, மருத்துவக் காப்பீட்டையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள், கேட்கும்போது குறைவாகத் தெரியும், மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். தம்பிக்குச் செமஸ்டர் என்று பெயர், வகுப்பு நடந்தது பதினொரு வாரம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டான்.

சித்தப்பா சொல்கிற காரணம் பிரிவி கவுன்சில். நம் நாட்டு வழக்குகளின் கடைசி மேல்முறையீடு இன்றும் லண்டனில்தான் நடக்கிறது, நாடாளுமன்றச் சதுக்கத்தில், பொதுமக்கள் யாரும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். சட்ட மாணவிக்கு அது பெரிய அனுபவம், மறுக்கவே மாட்டேன். ஆனால் சித்தப்பா, அதே விசாரணைகள் இணையத்தில் நேரலையாக வருகின்றன, நீங்களும் அவளும் சேர்ந்து வீட்டில் பார்க்கலாம். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் தமிழ் உண்டு, ஹைகேட்டில் முருகன் கோயில் உண்டு. அங்கேயும் லா ஷப்பேல் கதைதான், பிரெஞ்சுக்குப் பதில் ஆங்கிலம்.

இனி கோலாலம்பூர். என் தோழி பரீட்சையில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவள், திருக்குறள் ஒப்பிப்பாள். ஆனால் நம்மில் பலரைப் போல வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். முதல் வாரம் அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை அம்மா "என்னம்மா வேணும், எத்தனை முழம்?" என்று கேட்டதற்கு வாய் திறக்க முடியாமல் நின்றாளாம். முழம் என்றால் என்னவென்று தெரியவில்லை. வருடக்கணக்கில் தமிழ் படித்தும் யாரும் அவளிடம் தமிழில் எதையும் விற்றதில்லை, விலை சொன்னதில்லை, திட்டியதில்லை. அங்கேயும் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், ஆனால் விடுதியில் அவளோடு இருந்த பெண்கள் அரசுத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு, அறிவியல் எல்லாம் தமிழிலேயே படித்து வந்தவர்கள், தங்களுக்குள் நாள் முழுக்கத் தமிழில்தான் பேசினார்கள். மூன்றாம் மாதம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள், தமிழில், மலேசியக்காரர்களைப் போலவே இடையிடையே "லா" போட்டு. கேட்டுவிட்டு நான் அழுதேன்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையே இருக்கிறது, தமிழும் நடத்துகிறார்கள். அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்குப் போனால் தைப்பூசமும் அதற்குள் வரும். நமக்கும் அன்று அரசு விடுமுறை, காவடி எடுக்கிறோம், ஏழு கறியோடு இலையில் சாப்பிடுகிறோம். ஆனால் பத்துமலையில் 272 படிக்கட்டும் அடியில் திரளும் கூட்டமும் வேறு அளவு. வாடகையும் சாப்பாடும் மற்ற இரண்டு ஊரோடு ஒப்பிடவே முடியாத அளவு மலிவு. குறைகள் உண்டு. ஸ்டூடண்ட் பாஸ் என்கிற மாணவர் அனுமதியை, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இ.எம்.ஜி.எஸ். அமைப்பு வழியாக எடுக்கணும், அதற்கு நேரம் பிடிக்கும். படிக்கிற நேரத்தில் பகுதிநேர வேலை கிடையாது, செமஸ்டர் விடுமுறையில்தான் அனுமதி. நாலு மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள், நாம் ராத்திரிச் சாப்பாடு முடித்துக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு.

சட்ட மாணவிக்கு இன்னொரு சிக்கல், மலேசியச் சட்டம் ஆங்கிலேயர் வழியில் வந்தது. நம் சிவில் சட்டப் பாடங்களுக்கு அங்கே ஈடு கிடைக்காது. சர்வதேசச் சட்டம், மனித உரிமை மாதிரி எந்த நாட்டிலும் செல்லும் பாடங்களாகப் பார்த்து எடுக்கணும். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று புறப்படும் முன்பே இங்கே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு செமஸ்டர் திரும்பப் படிக்க நேரும்.

படிப்பை மட்டும் பார்த்தால் பாரிஸ், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு நான் சொன்னது கோலாலம்பூர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அவள் இனி வேலை பார்க்கப்போகிற காலம் முழுக்கச் சட்டம் பேசுவாள், முதுகலைக்குப் பாரிஸ் போக இன்னும் வழி இருக்கிறது. தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிற ஊரில் ஐந்து மாதம் இருக்க, வேலை, கல்யாணம் என்று ஆன பிறகு யார் அனுப்புவார்கள்? சித்தியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே ரசோன் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் சித்தி, ரசம் என்று கேட்கணும்.

நான்கு பாடங்களில் மூன்றுக்கு ஈடு என்று அவள் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான்காவதுக்குத் திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்கப்போகிறாள்.