மழை ஊருக்கு ஒரு பழைய போன்: சாம்சங் ஏ52எஸ்

பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு போன் தேடுகிறவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: புதுசா ஒரு பட்ஜெட் போன் எடு, வாரண்டி இருக்கும், தலைவலி இல்லை. மற்ற ஊர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இடையிலும் சும்மா இருக்காமல் தூறிக்கொண்டே இருக்கும் நம்ம குமரி மாவட்டத்தில், அதுவும் வேலைக்காகத் தக்கலைக்கும் கொல்லங்கோட்டுக்கும் பைக்கில் அலைகிற எனக்கு, அந்த யோசனை ஒத்துவரவில்லை. அதனால் 2021இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ52எஸ் 5ஜியை, நாகர்கோவிலில் பழைய போன் விற்கிற ஒரு கடையில் 11,000 ரூபாய்க்கு எடுத்தேன். இரண்டு மழையையும் அதோடு கழித்துவிட்டதால் இப்போது கொஞ்சம் தைரியமாகவே பேசலாம்.

இந்த போன் இங்கே வந்தபோது ஆரம்ப விலை 35,999 ரூபாய். அந்தக் காசுக்குக் கொடுத்ததில் பாதி இன்றைய பத்தாயிரம் ரூபாய் போனில் கிடையாது. ஸ்னாப்டிராகன் 778ஜி சிப், 120 ஹெர்ட்ஸில் ஓடும் அமோலெட் திரை, கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் உள்ள 64 மெகாபிக்சல் கேமரா, இரண்டு ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் தடுக்கும் ஐபி67 தரம். அதோடு பழைய வட்டத் துளை ஹெட்போன் ஜாக்கும் மெமரி கார்டு போட இடமும் உண்டு. அடுத்த வருடம் வந்த ஏ53இல் அந்த ஜாக்கை எடுத்துவிட்டார்கள், ஏன் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, நூறு ரூபாய் வயர் ஹெட்செட்டில் கால் பேசுகிறவன் எவனும் அதைக் கேட்டிருக்க மாட்டான்.

புதுசுகளையும் பார்க்காமல் இல்லை. சாம்சங்கிலேயே எம்06 5ஜி பத்தாயிரத்தை ஒட்டி 2025இல் வந்தது, நான்கு ஆண்ட்ராய்டு மாற்றமும் நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருகிறார்கள், அது லேசான விஷயமில்லை. ஆனால் திரை வெறும் எச்டி பிளஸ், சாதா எல்சிடி, உச்சி வெயிலில் முட்டம் கடற்கரையில் நின்று மேப் பார்க்க நினைத்தால் கையை வைத்து மறைத்துக்கொண்டு குனிய வேண்டியதுதான். மோட்டோ ஜி35 திரை அதைவிட நல்லது, ஃபுல் எச்டி, ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஐபி52தான், அதாவது சின்னத் தூறலுக்குத் தாங்கும், நம்ம ஊர் மழைக்கு அது போதாது. ரெட்மி ஏ4 5ஜி இன்னும் மலிவு, 8,499க்கு வந்தது, ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. 4ஜியின் துணை இல்லாமல் தனியாக ஓடும் எஸ்ஏ வகை 5ஜி மட்டும்தான் அதில் எடுக்கும் என்று வெளிவந்தபோதே சொல்லிவிட்டார்கள். ஜியோவின் 5ஜி அந்த வகை, ஏர்டெல் பெரும்பாலும் 4ஜியின் மேல் சாய்ந்து ஓடும் என்எஸ்ஏ வகையில் ஓட்டிக்கொண்டிருந்தது. ஏர்டெல் சிம் வைத்திருக்கிறவர் 5ஜி என்று எழுதியிருக்கிறதே என்று அந்த போனை வாங்கினால் பெரும்பாலும் 4ஜிதான் பார்ப்பார். பெட்டிமேல் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு வாங்கினால் இப்படித்தான் மாட்ட வேண்டும்.

சரி, மழைக்கு வருவோம். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது என்று சோதித்த தரம். நல்ல தண்ணீர் என்பதைக் குமரிக்காரர்கள் அடிக்கோடு போட்டுப் படிக்கணும். கடல் தண்ணீருக்கும் நீச்சல் குளத்துக்கும் கொண்டுபோகாதே என்று சாம்சங்கே எழுதி வைத்திருக்கிறது. குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ அலை தெறித்தால், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் சாரல் அடித்தால், உடனே குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காயவைக்கணும். உப்பு காய்ந்து சார்ஜ் குத்துகிற இடத்தில் தங்கிவிட்டால் அங்கே அரிப்பு பிடிக்கும், கொஞ்ச நாளில் சார்ஜரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் ஏறும் என்கிற நிலை வரும். எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர்கள் போனை பாலிதீன் உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு போவது சும்மா இல்லை, எந்த ஐபி எண்ணைவிடவும் அதுதான் நம்பகமானது.

மழையில் இது எப்படி? சட்டைப் பையில் நனைந்திருக்கிறது, ஹேண்டில்பார் ஸ்டாண்டில் மேப் ஓடிக்கொண்டே மார்த்தாண்டம் மேம்பாலத்தில் கொட்டுகிற மழையை வாங்கியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீர் உள்ளே போகாது என்பதும் மழையில் பயன்படுத்த முடியும் என்பதும் வேறு வேறு. திரையில் துளி விழுந்தால் டச் தன் பாட்டுக்கு எதையாவது அழுத்தும், ஈர விரலை ரேகை சென்சார் ஏற்காது, இது இந்த வகை சென்சார் எல்லாவற்றுக்கும் உள்ளது, அதனால் பின் நம்பரை மறக்கக் கூடாது. இன்னொன்று, சார்ஜ் துளையில் ஈரம் இருந்தால் போன் துளி படம் காட்டி சார்ஜ் ஏற்ற மறுக்கும். பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்கிறது, ஆனால் இந்த மாடலில் வயர்லெஸ் சார்ஜிங் கிடையாது என்பதால் அது காயும்வரை வேறு வழியும் கிடையாது. அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூசியும் மாவும்தான் துளைக்குள் போகும். ஃபேன் காற்றில் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து வைத்தால் போதும்.

இவ்வளவு சொன்னதும் இன்றே போய் ஒரு ஏ52எஸ் வாங்கிவிடலாம் என்று கிளம்பினால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஐபி67 என்பது தொழிற்சாலையில் ஒட்டிய பசையைப் பொறுத்தது. நாலு வருடப் பசைக்கு முதல் நாள் வலு இருக்காது, யாராவது ஒருமுறை திறந்து மூடியிருந்தால் அந்தத் தரம் பெரும்பாலும் பெயரளவில்தான். அதனால் பழையது எடுக்கும்போது என் முதல் கேள்வி எப்போதும் திறந்திருக்கிறார்களா என்பதுதான். கடையில் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "சாதனம் பக்கா கிளியராக்கும் அண்ணே, ஸ்குரூகூடத் தொடல." வாயால் சொல்வதை விட்டுவிட்டு கையால் பார்க்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் போய் புதிதாக ஒரு விரல் ரேகையைப் பதிந்து பாருங்கள். இதில் சென்சார் திரைக்கு அடியில் உட்கார்ந்து ஒளியை வைத்துப் படிக்கிறது, திரையை மாற்றி மலிவான எல்சிடி காம்போ (கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த செட்) போட்டிருந்தால் அந்த ஒளி வராது, ரேகை ஏறாது. நான் பார்த்த கடையில் ஒரே மாதிரி இரண்டு போன் வைத்திருந்தார்கள், விலை குறைவாகச் சொன்னதில் எந்த விரலும் ஏறவில்லை. பையன் சிரித்துக்கொண்டே, "அது டிஸ்ப்ளே மாத்தினதாக்கும், அண்ணன் இதை எடுங்க" என்று மற்றதை நகர்த்தினான். ஒரிஜினல் அமோலெட் காம்போ மாற்றப் போனால் கொடுத்த காசில் பெரும்பங்கு அதற்கே போய்விடும் என்பதால் இந்த ஒரு சோதனைக்காக எவ்வளவு நேரம் நின்றாலும் தகும்.

அடுத்து சிம் டிரேயை வெளியே இழுத்து, மொபைல் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சின்ன ஸ்டிக்கர் ஒன்று தெரியும், வெள்ளையாக இருந்தால் சரி, சிவப்போ ரோஸோ ஆகியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கடலோர மாவட்டத்தில் பழைய போன் வாங்குகிறவர் இதைப் பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது. டயல் செய்யும் இடத்தில் *#0*# அடித்தால் சாம்சங்கின் சோதனைப் பக்கம் திறக்கும், சிவப்பு பச்சை நீலம் ஒவ்வொன்றையும் அழுத்தித் திரையில் கோடு, கறை இருக்கிறதா என்று பார்க்கலாம், டச் எல்லா மூலையிலும் வேலை செய்கிறதா என்றும் தெரிந்துவிடும். *#06# அடித்தால் வரும், போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பிறகு ஒரு இடம் விட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த மாடல், தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். திருட்டு போன் தலையில் விழாமல் இருக்க அரசே வைத்திருக்கிற ஏற்பாடு, அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவில்லை. கடைசியில், பழைய கூகுள் கணக்கை கண்முன்னே நீக்கச் சொல்லி, ரீசெட் போட்டு, உங்கள் கணக்கில் நுழைந்து பார்த்த பிறகுதான் பணம். தவணையில் எடுத்த போனாக இருந்தால் தவணை கட்டாதபோது பூட்டிவிடுகிற ஆப் உள்ளே இருக்கலாம், ரீசெட் போட்டதும் சில நேரம் அதுவும் முகம் காட்டும்.

கல்ஃபிலிருந்து வந்த செட் என்று சொல்லி விற்பதும் நம்ம பக்கம் அதிகம், வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிற ஊர் அல்லவா. தரத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் சாம்சங்கில் கால் ரெக்கார்டிங் வசதி இந்தியாவில் விற்ற போனில் உள்ளேயே வரும், வெளிநாட்டுச் செட்டில் அது இல்லாமல் போகலாம். யூஏஇயில் வாங்கிய ஐபோன் என்றால் ஆப்பிளின் வீடியோ கால் வசதியான ஃபேஸ்டைம் இல்லாமல் போகலாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து வீடியோ கால் பேசத்தான் போனே என்றால் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுக்கணும்.

ரேஞ்ச் விஷயத்தில் இந்த போன் நன்றாகவே நிற்கிறது. ஜியோ 5ஜிக்கு வேண்டிய என்28, என்78 அலைவரிசைப் பட்டைகள் இரண்டும் உண்டு, எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் எடுக்கும். பிஎஸ்என்எல் தன் 4ஜியை 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கியது, அதில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் உண்டு, பட்டை 28 என்பார்கள், தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். பழைய மலிவு போன்கள் சிலவற்றில் அந்தப் பட்டையே இல்லை, பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள் மாடல் விவரத்தில் பட்டை 28 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மற்றபடி பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்குள் போய்விட்டால் எந்த போனைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை.

கேமரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகலில் அருமை, சாயங்காலமும் ஓஐஎஸ் இருப்பதால் படம் கலங்காது. அல்ட்ரா வைடு நம்ம ஊருக்கென்றே செய்தது போல, 133 அடி வள்ளுவரை அடியிலேயே நின்று முழுசாக எடுக்கலாம். ஜூம் இல்லை, நிலாவை எடுக்க நினைத்தால் விளக்குதான் கிடைக்கும். மேக்ரோ, டெப்த் என்று இருக்கிற இரண்டு 5 மெகாபிக்சலும் எண்ணிக்கைக்கு.

பேட்டரி 4,500 எம்ஏஎச், புது பட்ஜெட் போன்களின் 5,000ஐவிடக் குறைவு, மேலே முந்தைய ஆள் நாலு வருடம் ஓட்டியதும் சேர்கிறது. மேப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அலைந்தால் மாலைக்குள் சார்ஜர் தேட வேண்டும், வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவருக்கு ஒரு நாள் தாராளம். 120 ஹெர்ட்ஸை 60ஆகக் குறைத்தால் கொஞ்சம் கூடும். 25 வாட் சார்ஜர் தனியாக வாங்கிவிடுங்கள், தெருவோரம் கிடைக்கிற 33 வாட், 65 வாட் சார்ஜரைப் போட்டாலும் இதில் அந்த வேகத்தில் ஏறாது. சார்ஜ் முழுதாக ஏறும் முன்பே நிறுத்துகிற வசதி செட்டிங்ஸில் இருக்கிறது, வயதான பேட்டரிக்கு நல்லது, ஆனால் வெளியே அலைகிற நாளில் அதை அணைத்துவிடணும்.

என்னை உறுத்துகிற விஷயம் அப்டேட்தான். ஆண்ட்ராய்டு 14தான் கடைசி, நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று சொன்ன கணக்கும் 2025ஓடு முடிந்தது. வாட்ஸ்அப், யூட்யூப் இன்னும் பல வருடம் ஓடும், அதில் சந்தேகமில்லை. பேங்க் விஷயத்தில் மட்டும் கவனம். சம்பளம் வருகிற கணக்கை இதில் இணைக்காமல், சின்னத் தொகை வைத்திருக்கிற வேறு கணக்கை மட்டும் யூபிஐயில் போட்டிருக்கிறேன், டீக்கடை, பஸ், பழக்கடை எல்லாம் யூபிஐ லைட்டில், அதில் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் வைக்க முடியும், ஒரு தடவைக்கு 1,000 வரைதான் போகும். தெரியாதவர் அனுப்பும் ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பை நிறுவுகிற கோப்பை, திறக்காமல் இருப்பது எந்த போனுக்கும் பொது, அப்டேட் நின்ற போனுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

அதனால்தான் அம்மா தனக்கு ஒரு போன் கேட்டபோது இதைச் சொல்லவில்லை. பென்ஷன் கணக்கு ஒன்றுதான் இருக்கிறது, மழையில் போனை எடுத்துக்கொண்டு எங்கும் போவதில்லை, கேட்பதெல்லாம் பெரிய எழுத்தும் இரண்டு நாள் சார்ஜும். அவருக்கு எம்06 போன்ற புதுசுதான் சரி, எச்டி பிளஸ் திரை என்று அவர் குறைபட்டுக்கொள்ளப் போவதில்லை. காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கு, விளையாட்டும் வீடியோவும் பிடிக்கும் என்றால், 778ஜி இன்றைக்கும் பத்தாயிரம் ரூபாய் சிப்புகளை ஓரம் கட்டும்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் வேலை இருப்பதால் இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டுக்கு இடம் இருக்கிறது என்று மேலே சொன்னேன் இல்லையா, அது இரண்டாவது சிம்மின் இடம்தான். கார்டு போட்டால் ஒரு சிம் வெளியே வந்துவிடும். 128 ஜிபி உள்ளேயே இருக்கிறது, குடும்ப குரூப்பில் வருகிற காலை வணக்கப் படங்களை அவ்வப்போது அழித்தாலே எனக்குப் போதுமாக இருக்கிறது.