பிழையை விழுங்கிவிடும் தொலைபேசி

கிளை அலுவலகத்துக்கு ஐபி தொலைபேசி வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர், நாங்கள் வைத்திருக்கும் மாடலில் சர்வரிலிருந்து தானாகவே கான்ஃபிக், அதாவது தொலைபேசியின் அமைப்புகள் அடங்கிய கோப்பு, இறங்கும் வசதி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டார். செய்கிறது என்று சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி இடியில் ஒரு நெட்வொர்க் சுவிட்சும் அதில் மாட்டியிருந்த சில தொலைபேசிகளும் போய்விட்டன. புதிய கருவியின் அடியில் ஒட்டியிருக்கும், அந்தக் கருவிக்கே உரிய, எண்ணும் எழுத்தும் கலந்த 12 இலக்க மேக் முகவரியைப் பார்த்து, பழைய கருவியின் கோப்புக்கு அந்தப் பெயரை வைத்துக் கேபிளைச் செருகினேன். நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர், ஐபி முகவரியைக் கொடுக்கும்போதே ஆப்ஷன் 66 என்ற கூடுதல் குறிப்பில் கோப்பு இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறது. தொலைபேசி முதலில் மாடலுக்குரிய பொதுக் கோப்பையும், அடுத்துத் தன் பெயருள்ள கோப்பையும் வாங்கிக்கொள்கிறது. கணக்குப் பிரிவு மேடம் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவருடைய எக்ஸ்டென்ஷன், பொத்தான்களில் அவர் வைத்திருந்த எண்கள் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. கருவி மாறியதே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தொலைபேசியாகப் பிரவுசரில் திறந்து கடவுச்சொல் அடித்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

ஆரம்பத்தில் டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகத்தான் கோப்புகளைக் கொடுத்தோம். 1981-இலேயே ஆர்எஃப்சி 783 என்ற இணைய ஆவணமாக வெளிவந்த மிக எளிய நெறிமுறை அது. கடவுச்சொல் கிடையாது, மறையாக்கம் கிடையாது. எக்ஸ்டென்ஷன்களின் ரகசியச் சொற்கள் அப்படியே வயரில் ஓடின. வேகமும் போதாது. 512 பைட் அனுப்பி, அதற்கு ஒப்புதல் வந்த பிறகே அடுத்த 512. போய்வர 50 மில்லிவிநாடி ஆகும் இணைப்பில் தொலைபேசியின் உள் மென்பொருளான 20 எம்பி ஃபர்ம்வேர் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ்-க்கு மாறினோம். மாறியது சரியான முடிவுதான். ஆனால் இந்தத் தொலைபேசியின் குணம் அதற்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது.

இரவு அழைப்புகளைக் காவலர் அறைக்குத் திருப்பும் மாற்றத்தைக் கோப்புகளில் எழுதினேன். எல்லாத் தளமும் ஏற்றுக்கொண்டது, மூன்றாம் தளத்தைத் தவிர. அங்கே திரையில் வழக்கம்போல எக்ஸ்டென்ஷன் எண், டயல் டோன், பச்சை விளக்கு. வாடிக்கையாளர் ஒருவர் கோபமாகக் கூப்பிட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. சுவிட்சில், வயரில் ஓடும் தகவலைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தேன். தொலைபேசி சர்வரை வந்து தொடுகிறது. சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழின் பரிமாற்றத்திலேயே இணைப்பை முறித்துவிட்டுப் போகிறது. காரணம் கடிகாரம். தொலைபேசிகளுக்கு மின்சாரம் தரும் மூன்றாம் தளச் சுவிட்ச்சுக்கு யுபிஎஸ் இல்லை. மின்சாரம் போய் வந்ததும் தொலைபேசி இன்டர்நெட் ரவுட்டருக்கு முன்பே எழுந்துவிடுகிறது, நேரம் சொல்லும் சர்வர் எட்டுவதில்லை. பேட்டரி இல்லாத அந்தக் கடிகாரம் ஆலையில் வைத்த பழைய தேதியிலேயே நிற்கிறது. அந்தத் தேதிப்படி எங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

அலுவலகத்துக்குள்ளேயே நேரம் சொல்லும் ஒரு என்டிபி சர்வர் வைத்து, டிஎச்சிபியின் ஆப்ஷன் 42-இல் அதன் முகவரியைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. கடிகாரத்தை நான் குறை சொல்லவில்லை. புதிய கோப்பு கிடைக்காதபோது பழைய கோப்பிலேயே ஓடுவதையும் குறை சொல்லவில்லை. சர்வர் படுத்தாலும் தொலைபேசி அடிக்க வேண்டும், அது நியாயம். எனக்கு ஆத்திரம் வருவது அந்த மௌனத்தின் மேல்தான். டிஎஃப்டிபி காலத்திலும் இதே கதைதான். ஸ்டிக்கரில் மேக் முகவரி பெரிய எழுத்தில் இருக்கும். கருவி கேட்பதோ சிறிய எழுத்தில். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். அப்போதும் சர்வர் கோப்பு இல்லை என்று பிழை எண் 1-ஐ முறையாக அனுப்பியது. 1981-இல் எழுதிய நெறிமுறைக்கே அந்த நாகரிகம் இருந்தது. வாங்கிக்கொண்ட தொலைபேசி வாயைத் திறக்கவில்லை. வண்ணத் திரையில் கம்பெனி லோகோ சுழல இடம் இருக்கிறது. கான்ஃபிக் கிடைக்கவில்லை, தேதி தவறு என்று ஒரு வரி காட்ட இடம் இல்லையா? விற்பனையாளரிடம் கேட்டேன். நடந்ததைப் பதிவுசெய்யும் லாக் நிலையைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த லாக் கருவியின் நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

ஆகவே நண்பரே, இந்த வசதி இல்லாத தொலைபேசியை வாங்கவே வாங்காதீர்கள். இந்த மாடலையும் வாங்காதீர்கள். எதை வாங்குவதாக இருந்தாலும் மாதிரிக்கு ஒன்று கேளுங்கள். அதன் கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். திரை ஒன்றும் சொல்லாவிட்டால் அன்றே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.