ராயல் பாமா, ஃபாக்ஸ்டெயிலா: விழுகிற மட்டையை வைத்துச் சொல்கிறேன்

திருவொற்றியூரில் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டியபோது வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே 12 அடி அகலத்தில் கொஞ்சம் மண் மிஞ்சியது. தென்னை வேண்டாம் என்பதில் எனக்கும் மனைவிக்கும் ஒரே பேச்சு. தெருவில் போகிறவர் தலையில் காய் விழுந்தால் யார் பதில் சொல்வது? அழகுக்கு ஒரு பெரிய பாம் (பனை வகை மரம்) வைப்போம் என்று மாதவரம் பக்கத்து நர்சரிகளைச் சுற்றினோம். 2018-இல் ஃபாக்ஸ்டெயில் வைத்தோம். அதனால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

அழகில் ராயல் பாமோடு போட்டி போட முடியாது. கியூபாவின் தேசிய மரம் அது. சிமெண்டில் வார்த்த தூண் மாதிரி தண்டு, 20 மீட்டரைத் தாண்டும் உயரம், வளர்த்தியும் வேகம். ஃபாக்ஸ்டெயில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்தது. 10 மீட்டர் வாக்கில் அடங்கிவிடும். ஓலை நரிவால் மாதிரி சுற்றிலும் புசுபுசுவென்று இருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

நர்சரிக்காரர் இரண்டுக்கும் ஒரே வசனம்தான் சொன்னார்: “மட்டை தானா கழண்டுடும் சார், ஆளே ஏத்த வேணாம்.” பொய்யில்லை. ஆனால் கழன்ற மட்டை எங்கே விழும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாதவரத்தில் அத்தை வீட்டு வாசலில் வளர்ந்த ராயல் ஒன்று நிற்கிறது. அதன் மட்டை நம்மைவிட இரண்டு மடங்கு நீளம். அடியில் பாக்கு மட்டை மாதிரி அகலமான உறை வேறு. ஒன்றின் எடை பத்து கிலோவுக்குக் குறையாது. காற்றே இல்லாத ஒரு மதியம் அது பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இறங்கியது. ஷீட்டுக்குக் காசு கொடுத்து, மன்னிப்பும் கேட்டு வந்தார் அத்தை. முன்கூட்டியே கழித்துவிடலாம் என்று தேங்காய் பறிக்கிறவரைக் கூப்பிட்டால், தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “வழுக்குதும்மா, நான் ஏற மாட்டேன்” என்று போய்விட்டார்.

எங்கள் வீட்டிலும் மட்டை விழத்தான் செய்கிறது, வருடத்துக்கு ஆறேழு. ஒரு கையால் இழுத்துப் போகலாம். உறை பழுப்பாகி வெடிக்கும்போதே தெரிந்துவிடும். மரம் இப்போதுதான் முதல் மாடி பால்கனியைத் தொடுகிறது என்பதால், அங்கிருந்தே கழற்றிவிடுகிறேன். இன்னும் பத்து வருடம் கழித்தும் இதையே சொல்வேனா என்றால், பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது ஓலையெல்லாம் ஒரு பக்கமாகச் சீவிவிட்ட மாதிரி ஆனது, இரண்டு மட்டை போனது, அவ்வளவுதான்.

தொல்லையே இல்லையா என்றால், உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. முதல் இரண்டு வருடம் ஓலை நுனியெல்லாம் கருகியது. லாரித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் தேறியது. அப்புறம் ஒரு சமயம் புதுக் குருத்து சுருங்கி, தீய்ந்த மாதிரி வந்தது. மாங்கனீஸ் குறைவு. மாங்கனீஸ் சல்பேட் வைத்தேன். கெட்ட ஓலை கெட்டதுதான், ஆனால் அடுத்த குருத்து நேராக வந்தது. ராயலுக்கும் இதே குறை வரும், அங்கே குருத்தைக் கிட்டத்தில் பார்க்கவே மொட்டை மாடி ஏற வேண்டும். எங்கள் மரம் இப்போது குலை தள்ள ஆரம்பித்திருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் முட்டை அளவு பழம். காலில் உருளும் என்று பிஞ்சிலேயே வெட்டிவிடுகிறேன்.

பிஸ்மார்க் பாமும் பார்த்தோம். வெள்ளி நீல விசிறி ஓலை, மடகாஸ்கர் மரம். 12 அடிக்குள் அடங்காது, காய்ந்த மட்டையை ரம்பம் போட்டு அறுக்க வேண்டும். மீஞ்சூரில் மச்சான் நிலத்தில் ஒன்று தண்ணீர் அதிகம் கேட்காமல் நிற்கிறது. மூன்று வருடக் கன்று என்பதால் அதை வைத்து நான் ஒன்றும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கல்யாண மண்டபமோ, நீள நடைபாதையோ வைத்திருப்பவர் தாராளமாக ராயல் வைக்கலாம். சுற்றிலும் கூரையும் வண்டியும் இருக்கிற தெருவில் வேண்டாம். அத்தை வீட்டு மரத்தை எடுத்துவிடலாம் என்று பேசினார்கள். கிரேன் அந்தச் சந்துக்குள் திரும்பாதாம். மரம் அப்படியே நிற்கிறது, அத்தை மகன்தான் காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வருகிறான்.