மேரி ரோஸ் அருங்காட்சியகம், போர்ட்ஸ்மத்: பாதிக் கப்பலும் திரும்பிப் போன பெரும்படையும்

இங்கிலாந்தின் துறைமுக ஊரான போர்ட்ஸ்மத் போகிற நம்மவர்கள் பலரும் நெல்சனின் விக்டரி கப்பலைப் பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே இருக்கும் மேரி ரோஸ் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கதவு திறந்ததும் முதலில் இங்கே போங்கள், மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமை போனோம், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் பத்து வயது மகளும் கூட. மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பிடித்தது.

உள்ளே இருப்பது இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸில் பாதி. பாதி என்றால் நிஜமாகவே பாதி. 1545 ஜூலை 19 அன்று, தாக்க வந்த பிரெஞ்சுப் படையோடு மோதும்போது மூழ்கியது. அப்போது கப்பல் வலப்பக்கமாகச் சாய்ந்து சேற்றில் புதைந்தது, சேறு மூடிய பக்கம் தப்பியது, மூடாத பக்கம் அரித்துப் போனது. 1982 அக்டோபரில் மேலே தூக்கினார்கள். மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க வருடக்கணக்காக முதலில் தண்ணீரும் பிறகு மெழுகுக் கரைசலும் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், 2013-இல்தான் அந்தத் தெளிப்பை நிறுத்தினார்கள். இப்போது நடைபாதையின் ஒரு பக்கம் கப்பலின் உடல், எதிர்ப்பக்கம் அந்தந்தத் தளத்தில் கிடைத்த பொருட்கள். பீரங்கி இருந்த இடத்துக்கு நேர் எதிரே பீரங்கி, தச்சரின் அறைக்கு எதிரே தச்சுக் கருவிகள். எழுதி வைத்திருப்பதைப் படிக்காமலேயே கப்பல் புரிந்துவிடுகிறது, அதுதான் இந்த இடத்தின் பெரிய பலம்.

கிடைத்த பொருட்கள் 19,000-க்கும் மேல். கப்பலில் இருந்த நாய்க்கு இவர்கள் ஹேட்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதன் எலும்புக்கூட்டை விட்டு மகள் நகரவே இல்லை. அம்மா நின்ற இடம் வேறு. மரச் சீப்புகள், இரண்டு பக்கமும் பல், ஒரு பக்கம் நெருக்கமாக, ஒரு பக்கம் அகலமாக. "இது நம்ம பேன் சீப்புடா" என்றார். ஆமாம், அதேதான், சிலவற்றில் பேனும் கிடைத்திருக்கிறது. அப்புறம் மிளகு. மூழ்கிய கப்பலிலிருந்து மிளகு எடுத்திருக்கிறார்கள், மிளகு அரைக்கும் சிறு கருவிகளோடு. அந்தக் காலத்து ஐரோப்பாவுக்கு மிளகு வரவேண்டுமென்றால் நம் பக்கத்துக் கடல்களைத் தாண்டித்தான் வரவேண்டும், அது ஒரு சிப்பாயின் பெட்டி வரைக்கும் போயிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வெளியே வருகிற எல்லோரும் பேசுவது கப்பல் ஏன் மூழ்கியது என்பதைப் பற்றித்தான். ஒரு பக்கம் சுட்டுவிட்டுத் திரும்பும்போது காற்று பிடித்துச் சாய்த்தது, கீழ்த்தளத்தில் திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்தது என்பது உயிர் பிழைத்த ஒருவர் சொன்னதாக வந்த விவரம். தங்கள் குண்டுதான் மூழ்கடித்தது என்றார்கள் பிரெஞ்சுக்காரர்கள். எதிரி ஏறாமலிருக்க மேல்தளத்தில் கட்டிய வலையே ஆட்களுக்குப் பொறியாகிவிட்டது, சுமார் 500 பேரில் 35 பேர் கூடத் தப்பவில்லை. ஆனால் அன்று தோற்றது இங்கிலாந்து இல்லையே! இருநூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள், முப்பதாயிரம் ஆட்கள் என்று வந்த பிரான்ஸின் படை, 1588-இல் ஸ்பெயின் இங்கிலாந்தைத் தாக்க அனுப்பிய ஆர்மடா என்ற கடற்படையைவிடப் பெரியது, எதிரியின் பெயர்பெற்ற கப்பல் கண்ணெதிரே மூழ்கியும் வெறுங்கையோடு திரும்பியது. ஏன் திரும்பியது என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அதற்குப் பதில் வேண்டுமானால் அருங்காட்சியகத்தோடு நிற்காமல் கடற்கரையோரமாக சவுத்ஸீ கோட்டைக்கு நடந்து போங்கள். ஹென்றி அங்கிருந்துதான் கப்பல் மூழ்குவதைப் பார்த்தார். கோட்டைச் சுவரோரம் நின்றால் முன்னால் கடல் அகலமாக விரிந்து கிடக்கிறது, எங்கு வேண்டுமானாலும் கப்பல் போகலாம் போலத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் வந்தது, வந்தது என்றால் எங்களை ஒட்டி, மேல்தளத்தில் நிற்பவர்களுக்கு மகள் கையசைக்கும் தூரத்தில். ஆழமான வழி அது ஒன்றுதான், மற்றதெல்லாம் மணல்திட்டு. அந்த வழிக்கு நேர் மேலே பீரங்கிகளோடு கோட்டை, 1544-இல் கட்டியது. பிரெஞ்சுத் தளபதி கிளாத் தன்னபோ தன் மாலுமிகளைக் கேட்டபோது அவர்கள் சொன்னதும் இதைத்தான்: பக்கம் பக்கமாக நான்கு கப்பலுக்கு மேல் நுழைய முடியாது, நீரோட்டம் இழுக்கும், முன்னால் போகிற கப்பல் அடிபட்டால் பின்னால் வருவது அதன் மேல் போய் மோதும். இங்கிலாந்தின் கப்பல்கள் எண்ணிக்கையில் பாதி கூட இல்லை, ஆனால் அவை அந்த வாசலை ஒட்டியே நின்றன, திறந்த கடலுக்கு வந்து சண்டை போடவில்லை. வெளியே இழுக்கத்தான் தன்னபோ பக்கத்திலிருக்கும் வைட் தீவில் ஆட்களை இறக்கி எரிக்கச் செய்தார். தீவின் ஊர்ப்படைகள் மோதின, ஹென்றியின் கப்பல்களோ அசையவே இல்லை. தீவைப் பிடித்துக் கோட்டை கட்டலாமா என்று யோசித்து, அதற்கு ஆளும் நாளும் போதாது என்று விட்டுவிட்டார்கள்.

என் கருத்து, அந்தப் படை தோற்றதற்கு வேர் இன்னும் முன்னால் இருக்கிறது. 1544-இல் ஹென்றி பிரான்ஸின் கடற்கரை நகரமான பூலோனைப் பிடித்தார், பிரெஞ்சு மன்னர் பிரான்சுவாவுக்கு அது திரும்ப வேண்டும். ஆனால் போர்ட்ஸ்மத்தைப் பிடிப்பதா, கப்பல்களை அழிப்பதா, கரையை எரித்து மிரட்டுவதா, பூலோனுக்கே ஆள் கொண்டு போவதா என்று படை ஒன்றைத் தீர்மானித்து வந்ததாகத் தெரியவில்லை, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்தது. கிளம்பும்போதே தலைமைக் கப்பல் தீப்பிடித்து எரிந்தது, மாற்றுக் கப்பல் தரைதட்டிக் கசிந்தது. அத்தனை பேரை அடைத்த கப்பல்களில் நோய் பரவியது. ஆகஸ்ட் நடுவில் ஒரு தீராத மோதல், அப்புறம் வீட்டுக்கு. 1546-இல் ஒப்பந்தம், 1550-இல் பணம் கொடுத்துத்தான் பூலோனை வாங்கிக்கொண்டார்கள், அதற்குள் இரண்டு மன்னர்களும் இறந்துவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். உள்ளே வெளிச்சம் குறைவு, வயதானவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், லிஃப்ட் இருக்கிறது. மனித எலும்புகளும் உண்டு, சின்னப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் ஹார்பர் நிலையம் வரை ரயில், இறங்கினால் வளாகம் பக்கத்திலேயே. கோட்டை வரை நடக்க முடியாவிட்டால் டாக்ஸி எடுங்கள், ஆனால் போகாமல் இருக்காதீர்கள், ஒரு பெரிய கப்பல் வரும் வரை சுவரோரம் காத்திருங்கள்.