பயிற்சியாளரின் மனத்துக்கு யார் துணை? அணி உளவியலாளர், வெளி உளவியலாளர், மூத்த பயிற்சியாளர்: ஓர் ஒப்பீடு

2011 செப்டம்பரில் ஜெர்மனியின் ஷால்க கால்பந்து அணிப் பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக் கடும் சோர்வு நோயால் பதவி விலகினார். 2024 ஜனவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிப் பயிற்சியாளர் யூர்கன் கிளாப், தம்மிடம் ஆற்றல் தீர்ந்து வருவதாகச் சொல்லி, அந்தப் பருவத்தோடு விடைபெறப்போவதை அறிவித்தார். வீரர்களின் மனத்தைக் கவனிக்க ஆள் வைத்திருக்கும் கால்பந்து உலகில், பயிற்சியாளர் தமக்காக யாரை நாடுவது?

கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் அணியின் உளவியலாளர். எண்பதாவது நிமிடத்தில் கோல் வாங்கியதும் பயிற்சியாளர் பதறிப்போய் அடுத்தடுத்து ஆட்களை மாற்றுவதை அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார்; விளக்க வேண்டியதில்லை. ஆனால் காலையில் ஒரு வீரர் தன் பயத்தைச் சொல்லி அழுத அதே அறைக்கு, அவரை அணியிலிருந்து நீக்கலாமா என்ற குழப்பத்தோடு மாலையில் பயிற்சியாளர் வந்து உட்கார்ந்தால், அந்த உளவியலாளர் யாருக்கு உண்மையாக இருப்பார்? போதாக்குறைக்கு, அவருக்குச் சம்பளம் கொடுப்பது பயிற்சியாளரை எந்நேரமும் நீக்கக்கூடிய அதே கிளப். இந்த முடிச்சை எவ்வளவு நல்ல மனிதராலும் அவிழ்க்க முடியாது என்றே நினைக்கிறேன்.

வெளியே தனியாகத் தொழில் செய்யும் உளவியலாளருக்கு இந்தச் சிக்கல் இல்லை. செலவு உண்டு, ஆட்டக்களத்தில் நடந்ததை ஒவ்வொன்றாக விவரிக்கவும் வேண்டும்; ஆனாலும் கிளப் மாறினால் அந்த உறவும் அறுந்துபோகத் தேவையில்லை என்பது பெரிய லாபம். ஸ்வீடன் பயிற்சியாளர் ஸ்வென்-யோரான் எரிக்சன், 2001-ல் இங்கிலாந்து அணியை ஏற்பதற்கு வெகு முன்பிருந்தே நார்வே உளவியலாளர் வில்லி ராய்லோவுடன் பழகியவர். இங்கிலாந்துப் பணியிலும் அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

மூத்த பயிற்சியாளரிடம் பேசுவதில் தனி ஆறுதல் இருக்கிறது. வேலை பறிபோகும் வலியும் நிர்வாகத்தைச் சமாளிக்கும் வித்தையும் அதைப் பட்டவருக்கே தெரியும். எனினும் அடுத்த பருவத்தில் அவரே எதிரணியில் நிற்கலாம். மனச்சோர்வு நோயாக முற்றுவதை இனம்காணும் பயிற்சியும் அவருக்கு இருக்காது. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தால் இவர்கள் எவரையும்விட மனநல மருத்துவரே முதலில் தேவை.

ஆகவே என் தேர்வு வெளி உளவியலாளர்தான். அதற்கான கட்டணத்தைக் கிளப் ஏற்க வேண்டும், எந்த அறிக்கையும் கிளப்புக்குப் போகக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பயிற்சியாளர் கேட்டுப் பெற வேண்டும். தொடர் தோல்விக்குப் பிறகு அதைக் கேட்கும் துணிவு பலருக்கு வராது.